விற்கும் கையும் வெட்டும் கையும்



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, குர்பானிக்கு வேண்டிய அறுப்புக் கத்திகள் இரண்டு வாங்குவதற்காகக் கோவை நகரின் புறத்தேயுள்ள ஒரு கொல்லுப்பட்டறைக்குச் சென்றிருந்தோம். நமது மஹல்லாவின் பெரியவர் ஒருவரும் உடன் வந்திருந்தார். அவர் இருபது ஆண்டுகளாக அந்தப் பட்டறையில்தான் கத்தி வாங்குகிறார், சாணை பிடிக்கிறார். கத்தியைத் தாளில் சுற்றிக் கொடுத்த பட்டறைக்காரர், ஒரு நீண்ட நோட்டை எடுத்து விரித்து, பெயர், முகவரி, தொலைபேசி எண், கத்தி எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியவரின் முகம் சுருங்கிவிட்டது.

"இருபது வருசமா உங்ககிட்டதானே வாங்கறேன். இப்ப மட்டும் எதுக்கு எம்பேரு, ஊரு?" என்றார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். எல்லாருகிட்டயும் கேட்டு எழுதச் சொல்லியிருக்காங்க. இங்க பாருங்க" என்று பட்டறைக்காரர் நோட்டை நம் பக்கம் திருப்பினார். நமக்கு மேல் வரியில், தேங்காய் வெட்டக் கொடுவாள் வாங்கிய சூலூர்த் தோட்டக்காரர் ஒருவரின் பெயர் இருந்தது. அதற்கு மேல் வரியில் கரும்பு வெட்டும் கத்தி வாங்கிய மற்றொருவர் பெயர். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார். திரும்பி வரும் வழியில்தான் கேட்டார்: "இந்த நோட்டுல பேரு எழுதிட்டா வெட்டு, குத்து நின்னுடுமுங்களா ஹஜ்ரத்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. விற்பனையைக் கட்டுப்படுத்தினால் வன்முறை குறையுமா என்று உலகின் பல நாடுகளில் சட்டமன்றங்கள் வாதிடுகின்றன. அங்கே பொருள் துப்பாக்கி. இங்கே அரிவாளும் ஆசிட்டும். கேள்வி ஒன்றுதான். மார்க்கம் சொல்வதையும் அனுபவம் காட்டுவதையும் வைத்து அதற்கு விடை தேட முயல்கிறோம்.

பதிவேடு வந்த கதை

2021 செப்டம்பரில் தென்மாவட்டங்களில் பழிக்குப் பழியாகக் கொலைகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அப்போது தமிழ்நாட்டுக் காவல்துறையின் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திரபாபு அவர்களின் உத்தரவின்படி, மாநிலம் முழுவதும் ஓரிரு நாள்களுக்குள் பெரும் தேடுதல் நடத்தப்பட்டது. 3,000-க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட கத்திகளும் அரிவாள்களும் கைப்பற்றப்பட்டன. அதனையொட்டியே, கத்தி, அரிவாள் செய்வோரும் விற்போரும் வாங்குபவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கும் காரணம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அன்றி அறிமுகமற்றோருக்கு விற்கலாகாது. கடையில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டது.

அந்தத் தேடுதலில் கிடைத்த துப்பாக்கிகள் எத்தனை என்பதைக் கவனியுங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வெட்டுக் கருவிகளுக்கு நடுவே, துப்பாக்கிகள் பத்துக்கும் குறைவு. நம் ஊர் ரவுடிகளுக்குத் துப்பாக்கியின் மீது ஆசையில்லாமல் இல்லை. அது எளிதில் கிடைப்பதில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டுமன்றி விற்பவருக்கும் உரிமம் வேண்டும் என்கிறது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தது. தேர்தல் வந்தால் உரிமம் பெற்றவர்களும் தம் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அரிவாளோடு வருபவனிடமிருந்து ஓடித் தப்பலாம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து அவனை மடக்கவும் கூடும். துப்பாக்கியோடு வருபவன் ஒரு கூட்டத்தையே சாய்த்துவிடுவான். அந்த வேறுபாட்டை நமக்குத் தந்திருப்பதில் விற்பனைக் கட்டுப்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. இருக்கும் பாதுகாப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை, இல்லாதபோதுதான் தெரிகிறது.

எனினும், கட்டுப்பாடுகள் இருந்தும் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவை என்னவெல்லாம் கண்டது? பிப்ரவரியில் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரு கொலைகள். ஒன்றில் துப்பாக்கியும் பயன்பட்டது. மற்றொன்று நீதிமன்றத்துக்கு அருகில், கோபாலபுரத்தில், பட்டப்பகலில், மக்கள் பார்த்திருக்க நடந்தது. மார்ச் 23 அன்று நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே ஒரு கணவன் தன் மனைவியின் மீது ஆசிட் ஊற்றினான். தண்ணீர் போத்தலில் அதைக் கொண்டு வந்திருந்தான். தடுக்க முயன்றவர்களும் காயமுற்றனர். அந்தச் சகோதரி பல வாரங்கள் மருத்துவமனையில் துன்புற்று, இறுதியில் உயிரிழந்தார்.

ஆகவே, "சட்டம் போட்டும் என்ன நடந்துவிட்டது?" என்று கேட்பவர்களை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் மூன்று வாதங்களை வைக்கிறார்கள். கொல்ல நினைப்பவன் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்றை எடுப்பான் என்பது முதலாவது. பதிவேடு நல்லவனுக்குத்தான் தொல்லை, கெட்டவன் அதில் பெயர் எழுதுவதில்லை என்பது இரண்டாவது. பெயரைக் கேட்பது பெயரைப் பார்த்துச் சந்தேகிப்பதில்தான் போய் முடியும் என்பது மூன்றாவது. மூன்றாவதை நம் மக்கள் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் அதுவே அவர்களை அதிகம் உறுத்துகிறது.

மார்க்கம் கற்பிக்கும் ஒழுங்கு

இவற்றுக்கு விடை சொல்லுமுன், நம் மார்க்கம் ஆயுதத்தை எவ்வாறு கையாளச் சொல்கிறது என்று பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களின் காலத்தில் அம்பும் வாளும் ஒவ்வோர் ஆணின் கையிலும் இருந்தன. அத்தகைய சமுதாயத்திலேயே, பள்ளிவாசலையோ கடைவீதியையோ அம்புகளுடன் கடப்பவர் அவற்றின் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கட்டளையிட்டார்கள். இதனை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீயிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். உறையிலிடாத வாளை ஒருவர் மற்றவரிடம் நீட்டுவதையும் அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சகோதரனை நோக்கி விளையாட்டாகக்கூட ஆயுதத்தை நீட்டலாகாது என்று தடுத்தவர்கள், ஷைத்தான் அந்தக் கையைத் தவறச் செய்துவிடக்கூடும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள்.

கெட்டவர்களை நோக்கி மட்டும் சொல்லப்பட்ட கட்டளைகள் அல்ல இவை. அம்பைப் பற்றிக்கொள்ளச் சொன்னது தொழ வந்த நல்லவரிடம். நல்லவர் கையும் ஒரு கணம் தவறக்கூடும் என்ற அறிவின் மீதுதான் இந்த ஒழுங்கு நிற்கிறது. "நான் நல்லவன், என்னிடம் எதற்குக் கேட்கிறாய்?" என்ற கோபத்துக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

விற்பனையைப் பற்றியும் நம் முன்னோர் பேசாமல் விடவில்லை. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் வியாபாரம் பற்றிய பகுதியில், குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பது குறித்துத் தனியே ஒரு தலைப்பிட்டு, இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் அதனை வெறுத்தார்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். நம் கொங்குப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவில், இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். குழப்பம் செய்பவர் என்று அறியப்பட்டவருக்கு ஆயுதம் விற்பது வெறுக்கத்தக்கது. அவ்வாறு அறியப்படாத சாதாரண ஊர்மக்களுக்கு விற்பதில் குற்றமில்லை. மேலும், இந்த வெறுப்பு ஆயுதத்துக்கு உரியதே தவிர, தொழில் செய்து ஆயுதமாக்க வேண்டிய மூலப்பொருளான இரும்புக்கு உரியதன்று.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தப் பகுப்பும் இன்றைய இந்தியச் சட்டத்தின் பகுப்பும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதமாகக் கருதும் ஆயுத விதிகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்யப்பட்டவற்றை விலக்கிவிடுகின்றன. இரண்டிலும் கேட்கப்படுவது ஒன்றே: பொருள் எது, வாங்குபவர் யார், நோக்கம் என்ன? பட்டறைக்காரரின் நோட்டில் இருந்த கட்டங்களும் இவையே.

தீமைக்கு இட்டுச்செல்லும் வழியை முன்கூட்டியே அடைப்பதை மார்க்க அறிஞர்கள் 'ஸத்துத் தராயிஃ' என்பார்கள். பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள், அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசிவிடுவார்கள் என்ற கருத்துடைய அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆம் வசனத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். பாவத்துக்கும் வரம்பு மீறலுக்கும் ஒருவருக்கொருவர் துணைபோகலாகாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 2-ஆம் வசனம் தடுக்கிறது. அதே அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் ஓர் உயிரைக் காப்பதை மனித குலம் முழுவதையும் காப்பதற்கு நிகராக்குகிறது. வெட்டுபவனின் பாவம் வெட்டுபவனுக்குத்தான். ஆனால் அறிந்தே விற்றவன் தன் பங்கிலிருந்து தப்ப முடியாது.

ஒன்று போனால் மற்றொன்றா?

இனி முதல் வாதத்துக்கு வருவோம். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்றை எடுப்பான் என்பது கேட்பதற்கு உண்மை போலத் தோன்றும். அனுபவம் அவ்வாறு சொல்லவில்லை.

அண்டை நாடான இலங்கையைப் பாருங்கள். 1995-ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. பலர் குடித்தது வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. அவ்வரசு மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக விற்பனையிலிருந்து நீக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. துயரமும் கடனும் குடும்பச் சண்டையும் அந்நாட்டிலிருந்து மறைந்துவிடவில்லை. போர்கூட நடந்துகொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த கொடிய நஞ்சு மறைந்தது, அவ்வளவே. மனிதன் ஒரு கணத்தில் எடுக்கும் முடிவு, அந்தக் கணம் கடந்தால் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. இது தன்னுயிரைப் போக்கிக்கொள்வது பற்றிய சான்று. பிறர் உயிரைப் பறிப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கோபம் என்பதும் ஒரு கணத்தின் நோய்தான்.

பிறரைத் தாக்குவதற்கான சான்று வேண்டுமெனில், பங்களாதேஷ் இருக்கிறது. அங்கே பெண்கள் மீது ஆசிட் வீசும் கொடுமை 2002-இல் ஏறத்தாழ 500 நிகழ்வுகளை எட்டியது. அவ்வாண்டிலேயே இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று வீசுபவனைத் தண்டித்தது. மற்றொன்று உரிமமின்றி ஆசிட் விற்பவனைச் சிறைக்கு அனுப்பியது. அதே ஆண்டு, மகளிர் நாளன்று டாக்கா வீதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்கள் இக்கொடுமைக்கு எதிராக ஊர்வலம் சென்றனர். பத்தே ஆண்டுகளில் நிகழ்வுகள் நூறுக்கும் கீழே வந்தன. சட்டம் மட்டும் இதைச் செய்யவில்லை. சட்டமின்றியும் இது நடந்திராது.

பதிவேட்டில் பொய்யன் பெயர் எழுதமாட்டான் என்பது இரண்டாவது வாதம். எழுதமாட்டான் என்பது சரியே. அவன் எழுத மறுப்பதே விற்பவருக்கு ஓர் எச்சரிக்கை. ஆனால் கேட்பவர் உண்மையாகக் கேட்க வேண்டும்.

இதை நாம் சொல்லும்போது நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நினைவுக்கு வராமல் இராது. 2019 மார்ச் 15, ஜும்ஆ நேரம். இரு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டனர். கொலையாளி உரிமம் பெற்றே துப்பாக்கி வாங்கியவன். பின்னர் அமைந்த அரச விசாரணை ஆணையம், உரிமம் வழங்கியதில் காவல்துறை உரிய முறையைப் பின்பற்றவில்லை என்று கண்டறிந்தது. நெருங்கிய உறவினரிடம் விசாரிப்பதற்குப் பதிலாக, இணைய விளையாட்டின் வழியே பழகிய நண்பர் ஒருவரிடமும் அவருடைய பெற்றோரிடமும் கேட்டு முடித்துவிட்டார்கள். சட்டம் இருந்தது, படிவமும் இருந்தது, கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. அதன்பின் ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 10 அன்று, 119 வாக்குகளுக்கு எதிராக ஒரே ஒரு வாக்கு என்ற நிலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் பெரும்பாலான அரைத் தானியங்கி ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. அவ்வாண்டு இறுதிக்குள் 56,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பொதுமக்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டன.

அமெரிக்காவில் சட்டமன்றம் தயங்கியபோது சில வியாபாரிகள் தாமாகவே முன்வந்தனர். 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபின், டிக்ஸ் என்னும் பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனம் தன் ஏட்டைப் புரட்டிப் பார்த்தது. அந்தக் கொலையாளிக்குச் சில மாதங்களுக்கு முன் தாமும் ஒரு துப்பாக்கி விற்றிருந்ததை அறிந்தது. கொலைக்குப் பயன்பட்டது அதுவன்று, விற்றது சட்டப்படியே. ஆயினும் அந்நிறுவனம் போர்க்களத் துப்பாக்கி ரகங்களின் விற்பனையை நிறுத்தியது. 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி விற்பதில்லை என்றும் முடிவு செய்தது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரில் தன் கடையிலேயே இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதைக் கண்ட வால்மார்ட், கைத்துப்பாக்கிக்கான தோட்டா விற்பனையைக் கைவிட்டது. இவற்றால் அந்நாட்டின் வன்முறை நின்றுவிட்டதா? இல்லை. தெருவுக்குத் தெரு வேறு கடைகள் இருக்கின்றன. ஒரு கடையின் மனசாட்சி அந்தக் கடைக்காரரைக் காக்கும். ஊரைக் காக்க எல்லாக் கடைகளுக்கும் பொதுவான சட்டம் வேண்டும். அதுபோலவே, சட்டம் மட்டும் இருந்து கடைக்காரருக்கு மனசாட்சி இல்லாவிட்டால் அந்தச் சட்டம் வெறும் தாள்.

நம் கடைகளின் நிலை

வெறும் தாளாகிப்போன சட்டத்துக்கு நம்மிடையே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2005-இல் டெல்லியில் ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று தெளிவான ஆணைகளைப் பிறப்பித்தது. வாங்குபவரின் முகவரியைப் பதிவேட்டில் எழுத வேண்டும்; அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் காட்டச் செய்து, காரணத்தைக் கேட்டுக் குறிக்க வேண்டும்; 18 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது; கையிருப்பை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

இந்த ஆணைக்குப் பின் எத்தனை ஆண்டுகள் கடந்துவிட்டன! நம் நிலையையே சொல்கிறோம். நமது மதரஸாவின் கழிவறையைத் துப்புரவு செய்யப் பலமுறை ஆசிட் வாங்கியிருக்கிறோம். ஒருமுறைகூட எவரும் நம் பெயரைக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று நாமும் கேட்டதில்லை. அந்தப் போத்தல் சிறுவர்கள் நடமாடும் இடத்தில், பூட்டில்லாத அலமாரியில் இருந்தது. மார்ச் 23-இன் செய்தியைப் படித்த நாளில்தான் அந்த அலமாரிக்குப் பூட்டு வாங்கினோம்.

கொங்கு நாட்டில் ஆசிட்டை முற்றாகத் தடை செய்ய முடியாது. கோவையின் நகைப் பட்டறைக்கு அது வேண்டும். திருப்பூரின் சாயப்பட்டறைக்கு வேண்டும். பேட்டரிக் கடைக்கு வேண்டும். அரிவாள் இல்லாமல் தென்னந்தோப்பு இல்லை. ஆகவே தடையன்று, கணக்குதான் இங்கே வழி. கணக்கு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நம் மலையடிவாரங்கள் காட்டுகின்றன. பன்றியை விரட்டுவதாகச் சொல்லி இரகசியமாகச் செய்யப்படும் அவுட்டுக்காய் யானையின் வாயைச் சிதைக்கிறது. பயிர்க்காவலுக்கு என்று சொல்லி வைத்திருக்கும் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி, பங்காளிச் சண்டை வரும் நாளில் வேறு திசையில் திரும்பிவிடும்.

நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் மஃரிபுக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். அன்று மாலை ஒருவர் வந்து இரண்டு போத்தல் ஆசிட் கேட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டதும் அவர் எரிந்து விழுந்திருக்கிறார். அடையாள அட்டை ஏதும் காட்டவில்லை. மாணவர் தர மறுத்துவிட்டார். வந்தவர் திட்டிக்கொண்டே சாலையைக் கடந்து, எதிர்க்கடையில் நுழைந்து, பையுடன் வெளியே வந்திருக்கிறார்.

"எனக்கு வியாபாரம் போனதுதான் மிச்சம். ஆசிட் எப்படியும் அவரு கைக்குப் போயிருச்சுங்க. நான் மறுத்ததுல என்னங்க ஹஜ்ரத் பிரயோசனம்?" என்று கேட்டார்.

நாம் இரண்டு சொன்னோம். "அல்லாஹ்விடம் உமது ஏடு தூய்மையாக இருக்கிறது, அது சிறிய பிரயோசனமன்று. ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர். பிழை உமது மறுப்பில் இல்லை, எதிர்க்கடையின் திறந்த கதவில் இருக்கிறது. அவரிடம் போய்ப் பேசும்" என்றோம். அவர் பேசினார். எதிர்க்கடைக்காரர் நம் சமுதாயத்தவர் அல்லர், முதலில் சிரித்தாராம். பிறகு தம் மகளைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாராம். இப்போது அந்தச் சாலையில் இரண்டு கடைகளிலும் பதிவேடு இருக்கிறது. மூன்றாவது கடை எங்கோ இருக்கும் என்பதை நாம் அறிவோம். இருந்தாலும், கோபத்தோடு வருபவர் இன்னும் சற்று தூரம் நடக்க வேண்டும். அந்த நடையில் அவருக்குத் தம் பிள்ளையின் முகம் நினைவுக்கு வரலாம்.

பெயரைக் கேட்கும்போது

இறுதியாக மூன்றாவது வாதம். நம் பெரியவரின் முகம் சுருங்கியதற்குக் காரணம் அந்த நோட்டு அல்ல. அதற்கு முன் நடந்தவை. 1997 நவம்பரில் உக்கடத்தில் காவலர் ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர்கள் நம் சமுதாயத்து இளைஞர்கள். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14-இன் தொடர் குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைப் பறித்தன. ஒரு கத்தியில் தொடங்கிய அந்தச் சங்கிலியின் பாரத்தை, எதிலும் சம்பந்தமில்லாத குடும்பங்கள் வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் வேலை கேட்கும்போதும் நெடுங்காலம் சுமந்தன. 2022 அக்டோபர் 23-இல் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்தபோதும், வெடிமருந்துக்கான வேதிப்பொருள்கள் ஒரு வீட்டில் கைப்பற்றப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தபோதும், அதே பாரம் மீண்டும் நம் தோளில் ஏறியது. அப்போது ஜமாஅத் பிரமுகர்கள் அக்கோயிலுக்கு நேரில் சென்று அங்குள்ளோரைச் சந்தித்து நல்லிணக்கம் பேசியது இவ்வூரின் நல்ல நினைவுகளுள் ஒன்று.

இந்த வரலாற்றைக் கொண்டு இரண்டு முடிவுகளுக்கு வரலாம். "எங்களை மட்டும் சந்தேகிக்கிறார்கள், ஆகவே எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம்" என்பது ஒன்று. அது தவறு என்கிறோம். ஆயுதமும் வெடிமருந்தும் எளிதில் கிடைத்தபோது அதிகம் இழந்தவர்களுள் நாமும் இருக்கிறோம். ஒழுங்கான கணக்கு நிரபராதிக்குக் கேடயம். கணக்கில்லாத இடத்தில்தான் வதந்தி ஆளுகிறது.

மற்றொரு முடிவு இது: கட்டுப்பாடு வேண்டும், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சூலூர்த் தோட்டக்காரரின் பெயருக்குக் கீழே நம் பெரியவரின் பெயர் வந்ததால்தான் அவர் கோபம் தணிந்தது. அந்த மேல்வரி காலியாக இருந்திருந்தால், அவர் கோபத்தில் நியாயம் இருந்திருக்கும். ஒரு சாராரிடம் மட்டும் கேட்கும் பதிவேடு பாதுகாப்பையும் தராது, நீதியாகவும் ஆகாது. அந்தப் பட்டியல் காவல்துறையின் கையில் எதற்குப் பயன்படும், எத்தனை காலம் இருக்கும் என்பதற்கும் வரையறை வேண்டும். இதை அதிகாரிகளிடம் பணிவோடும் உறுதியோடும் கேட்பது ஜமாஅத்துகளின் கடமை.

நம் கையில் இருப்பவை

ஆக, பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான். பெயர் எழுதினால் வெட்டு நின்றுவிடாது, குறையும். பகையை உள்ளத்திலிருந்து எடுப்பது சட்டத்தின் வேலையன்று. அது தாய்மடியிலும் மதரஸாவிலும் மிம்பரிலும் நடக்க வேண்டிய வேலை. அதற்குக் காலம் பிடிக்கும். அந்தக் காலம் வரை பகையின் கைக்குக் கருவி எட்டாமல் வைப்பதே சட்டத்தின் வேலை. சட்டம் சென்னையிலும் டெல்லியிலும் எழுதப்படுகிறது. அது உயிர் பெறுவதோ சாவதோ கடையின் மேசையில்தான்.

நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்போர் மிகுதி. பாத்திரக் கடை, ஹார்டுவேர் கடை, துப்புரவுப் பொருள் கடை என்று கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் அமர்ந்திருக்கும் சகோதரர்களே! பதிவேட்டை ஒரு தொல்லையாக எண்ணாதீர்கள். அது ஓர் அமானிதம். காரணம் சொல்ல மறுப்பவருக்கு விற்க மறுத்துவிடுங்கள். வாங்கச் செல்லும் நாமும், குர்பானிக் கத்திக்கானாலும் கழிவறை ஆசிட்டுக்கானாலும், கேட்கப்படும்போது முகம் சுளிக்காமல் பெயரைச் சொல்வோம். கேட்கப்படாவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று நாமே கேட்போம். பெருநாள் முடிந்ததும் கத்திகளைக் கழுவித் துடைத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைப்போம். அம்பின் முனையைப் பற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுத்த நபியின் உம்மத் அல்லவா நாம்?

அந்தப் பெரியவர் இந்த ஆண்டும் அதே பட்டறைக்குத்தான் போவார். நோட்டை நீட்டுமுன்பே பெயரைச் சொல்லிவிடப்போவதாக நம்மிடம் கூறினார்.

நம் கைகளால் எவருக்கும் தீங்கு நேராமலும், நாம் விற்ற பொருளால் எந்த வீட்டிலும் அழுகுரல் எழாமலும் வல்ல அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக. ஆமீன்.